எலுமிச்சம்பழமும் சாஃப்ட் ஸ்கில்லும்

வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்தே உங்கள் வம்சத்தைச் சொல்லிவிடும் இனம் ஒன்று இருக்கிறது, ஐயா. வேலைக்கு ஆள் எடுப்பவர் இனம். உங்கள் படிப்பு அவருக்கு வேண்டாம், அனுபவம் வேண்டாம். ‘சாஃப்ட் ஸ்கில்’ வேண்டும். அது என்னவென்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவரிடம் அது இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் மேனேஜர் அருணாசலம் இந்த இனத்தின் அசல் வாரிசு. நாமக்கல்லில் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டோடு ஞானத்தையும் வாங்கி வந்தவர். வேலை கேட்டு வருகிறவர்களுக்கு டீ கொடுப்பார். உடனே குடித்தால் பொறுமை இல்லை. ஆறவைத்துக் குடித்தால் சுறுசுறுப்பு இல்லை. வேண்டாம் என்றால் நாலு பேரோடு பழகத் தெரியாது. அப்புறம் எப்படித்தான் குடிப்பது? கடைசிப் பரீட்சை கைகுலுக்கல். “கையப் புடிச்சாப் போதுமுங்க, ஆளோட மனசு தெரிஞ்சிரும்” என்பார். இப்படிக் கைபிடித்து எடுத்த வாட்ச்மேன் போன வருஷம் தண்ணீர் மோட்டாரோடு போய்விட்டான். கேட்டால், “அவன் கையப் புடிச்ச அன்னைக்கு எனக்குக் காய்ச்சலுங்க.”

இவரிடம்தான் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சுகந்தி வந்தாள், வரவேற்பு மேஜை வேலைக்கு. அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார்; இது கிடைக்காவிட்டால் அம்மாவோடு சித்தாளாகப் போக வேண்டியதுதான். மலை பஸ் அவளுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குடல் ஒரு சுற்றுச் சுற்ற, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்து சேர்ந்தாள். வாயைத் திறந்தால் காலைப் பலகாரம் வெளியே வந்துவிடும். ஆகவே கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். அருணாசலம் கையை நீட்டினார். வெளி ஆம்பிளையின் கையைக் குலுக்கி அறியாத பெண், பதற்றத்தில் எலுமிச்சம்பழத்தை அதில் வைத்துவிட்டாள்.

மனிதர் உருகிப்போனார். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது? “என்ன அடக்கம்! மத்தவங்க பேச்ச என்ன பொறுமையாக் கேக்குது! இதானுங்க சாஃப்ட் ஸ்கில்லு!” வேலை கிடைத்தது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரந்தரம்.

வந்தது வினை. போகப் போகச் சுகந்திக்கு மலை பழகிவிட்டது. தெளிந்த முகத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கினாள், வந்தவர்களோடு கலகலவென்று பேசினாள், மேனேஜர் அறைச் சாவியை மாற்றிக் கொடுத்தால் ‘மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள்’ என்று அவரிடமே சொன்னாள். விருந்தினர்கள் மெச்ச மெச்ச அருணாசலம் கொதித்தார். “வேலை கெடைக்கற வரைக்கும் பூனையாட்டம் இருந்தா. இப்பப் பாருங்க, வெறுங்கைய வீசிட்டு வாரா!” மாதக் கடைசியில் நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று.

சமையல்காரர் செங்கோடன் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“கண்ணு, உன்னைய நிறுத்தப் போறாரு.”

“நான் என்னங்க பண்ணுனேன்?” பாவம், கண் கலங்கிவிட்டது.

“ஒண்ணும் பண்ணல சாமி, அதான் தப்பு. மொத நாளு அவருக்கு என்னத்தக் குடுத்த?”

“வாந்திக்கு மோந்துட்டு வந்த எலுமிச்சம்பழமுங்க.”

செங்கோடன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். “காலைல இதக் குடு. வாயத் தொறக்காத.”

மறுநாள் சுகந்தி தலை குனிந்து, வாய் மூடி, பழத்தை வைத்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆளைத் திருத்துவது எப்படி என்று அருணாசலம் இப்போது மற்ற விடுதிக்காரர்களுக்கு வகுப்பெடுக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சுகந்தியைக் ‘கெட்டிக்காரி’ என்றோ ‘பலே நடிகை’ என்றோ இதற்குள் மனசில் தீர்ப்பு எழுதியாயிற்று, இல்லையா? அவளோடு ஒரு வார்த்தை பேசியதுண்டா நீங்கள்? அருணாசலத்துக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. போனவுடன் டீ கொடுப்பார். எப்படிக் குடிப்பது என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.