தும்மல் புரோக்கர் படுத்துப் பார்த்த வீடு

வாசற்படியில் கால் வைத்ததும் தும்மி, வாடகை பேசுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குகிற வீட்டு புரோக்கர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆரணியில் இருக்கிறார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. என் மனைவி செல்வியின் போனிலும் 'தும்மல் அண்ணன்' என்றுதான் இருக்கிறது. ஒற்றைத் தும்மல் ஆகாது என்று நம்புகிற ஊரில் இப்படி ஒரு புரோக்கர். வீட்டுக்காரர்கள் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு, "இன்னொண்ணு போடுய்யா, புண்ணியமாப் போவும்" என்று இரண்டாவதுக்குக் கெஞ்சுவார்கள். மனிதர் அதில் கறார். ஒன்றுக்கு மேல் வராது.

நாங்கள் அவரைத் தேடிப் போனதே அந்த மூக்குக்காகத்தான். அப்போது களம்பூரில் அரிசி ஆலைக்குப் பின்னால் குடியிருந்தோம். ஆறு வயது மகள் நிலாவுக்கு வீசிங். மாதத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் கிடையாது. "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், முதல்ல அந்தத் தூசியை விட்டு வெளியே வாங்க" என்றார் டாக்டர். தூசியும் ஈர ஓதமும் இல்லாத வீடு வேண்டும், அதுவும் என் சம்பளத்துக்குள். மற்ற புரோக்கர்கள் எல்லாம் வாஸ்து பேசினார்கள். தும்மல் அண்ணன் மட்டும், "பாப்பா எந்தப் பக்கம் தல வெச்சி படுக்கும்?" என்று கேட்டார்.

"எதுக்குங்க?"

"அங்க நான் படுத்துப் பாக்கணுமே சார். எனக்கும் சின்ன வயசுலேர்ந்து இதே பேஜாருதான். நெஞ்சு விசில் அடிச்சிகினே வளந்தவன் நான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதல் வீட்டிலேயே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறுந்தரையில் படுத்துவிட்டார். "யோவ், ஊடு காட்டச் சொன்னா குடியே வந்துட்டியா?" என்று வீட்டுக்காரர் கத்தினார். நம்மவர் எழுந்து ஒரு தும்மல் போட்டார். "வாணாம் சார். பழைய நெசவுத் தறிக்குழிய மூடி மேல தரை போட்டுக்கீறாங்க. ஓதம் ஏறுது." அடுத்த வீட்டில் புது பெயின்ட். அதற்கடுத்ததில் பரணில் புறா.

நான்காவது வீட்டில் தும்மல் வரவில்லை, இளைப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்தார். மூச்சு திரும்பியதும் சிரித்தார்.

"நல்ல வேளை சார், பாப்பா வரல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே படுக்காதீங்கண்ணா" என்றேன். கேட்கிற ஆளா அவர்?

வீடு கிடைக்கிற வரை சும்மாவும் இருக்கவில்லை. தூசி புகாத மெத்தை உறை ஒன்றை ஆன்லைனில் பார்த்துவிட்டு செல்வி விலையில் மலைத்துப்போயிருந்தாள். "ஆரணியில இருந்துகினு நெருக்கமா நெய்ஞ்ச துணிக்கா அலையுற தங்கச்சி?" என்றவர், மெத்தையை அளந்துகொண்டு போய், தெரிந்த டெய்லரிடம் ஜிப் வைத்துத் தைத்து வந்தார். அதை வாராவாரம் வெந்நீரில் துவைக்கச் சொல்லி அன்றைக்கே மூன்று முறை போன் வேறு.

கடைசியில் ஒரு வீடு அமைந்தது. நல்ல வெயில், நல்ல காற்று, வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் வருவது தும்மல் புரோக்கர் என்று கேள்விப்பட்ட வீட்டுக்கார அம்மா, அபசகுனம் அண்டக்கூடாது என்று முன்கூட்டியே சாம்பிராணி போட்டுவைத்திருந்தார். கொஞ்சநஞ்சமல்ல, எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அண்ணன் ஒன்றோடு நிற்காமல் கணக்கில்லாமல் தும்மினார்.

"எதுக்குப் பயந்து போட்டனோ அதுவே நடந்துடுச்சே!" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"வேற ஊடு பாக்கலாம்ணா" என்றாள் செல்வி.

"இரும்மா. தப்பு பொகை மேல. ஊட்டு மேல இல்ல."

சன்னல்களைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் வந்து, நிலா தலை வைக்கப்போகிற இடத்தில் தலை வைத்துப் படுத்தார். இரண்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார். நானும் செல்வியும் வீட்டுக்கார அம்மாவும் சுவரோரம் உட்கார்ந்து, அந்தக் குறட்டையைக் கச்சேரி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோம். எழுந்தார். தும்மவில்லை.

"ஜல்தியா பால் காய்ச்சுங்க சார்!"

பால் காய்ச்சிய அன்று மனிதர் தெருவோடு நின்றுவிட்டார். "நான் வரல தங்கச்சி. நல்ல நேரத்துல ஒண்ணு போட்டுத் தொலைச்சன்னா?" செல்வி விடவில்லை. "நீங்க வராம பால அடுப்புல வெக்க மாட்டேன்" என்றாள். தயங்கித் தயங்கிப் படியில் கால் வைத்தார்.

போட்டார். ஒன்றே ஒன்று.

வீட்டுக்கார அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஊடு இல்லீங்க, ரோட்டுப் புழுதிங்க!" என்று அண்ணன் பதறிப் பின்வாங்கினார்.

தனக்குத் தும்மல் வரும்போதெல்லாம் நாங்கள் சொல்வதை நிலா அடுப்படியிலிருந்து அவருக்குச் சத்தமாகச் சொன்னாள்: "நூறு வயசு!"

தும்மல் அண்ணன் படியிலேயே உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் குழந்தை நிம்மதியாக மூச்சு விடுவதற்காக வீடு வீடாகப் படுத்துத் தன் மூச்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர். நூறு போதாது என்று நினைத்தேன்.