நின்ற எஸ்கலேட்டரில் பொம்பிளை பார்த்த அண்ணை

பெண் பார்க்கப் போன இடத்தில் ஆராய்ச்சி செய்த மனிதர் கொழும்பிலேயே எங்கள் 'சேர்க்கிட் அண்ணை' ஒருவர்தான். அன்று வெள்ளவத்தைக் கடைத்தொகுதிக்கு வந்திருந்தவர்கள்: மாப்பிள்ளையாக அவர், துணைக்கு அறைத்தோழன் நான், பெண், பெண்ணின் அப்பா, அம்மா. வராதது மின்சாரம்.

அண்ணை டொக்டர் பட்டம் பெற்ற மூளை விஞ்ஞானி. தொடுவதை மூளை எப்படி உணர்கிறது, கைகாலை எப்படி அசைக்கிறது என்று ஆராய்பவர். டொக்டர் என்றால் ஊசி போடுபவர் என்றுதான் எங்கள் வீட்டில் தெரியும்; குடும்பத்தில் முதலில் படித்தவனே நான். எதைக் கேட்டாலும் "அது மூளைக்குள்ள ஒரு சேர்க்கிட், கரண்ட் ஓடுற சுற்று மாதிரி, தம்பி" என்பார். ஒருமுறை காலி வீதி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குடிவெறி என்று நினைத்த கொண்டக்டர், "பஹின்ன மஹத்தயா!" (இறங்குங்கோ ஐயா) என்று சிங்களத்தில் அதட்டி நடுவழியில் இறக்கிவிட்டான். கூடவே என்னையும்.

பெண் வீட்டிலும் இப்படியே மூளைக் கதை கதைத்துப் பல சம்பந்தங்கள் குழம்பிப் போயின. "இதுவும் குழம்பினா நான் இனிப் பொம்பிளை பாக்கமாட்டன். நீதான் பாத்துக்கொள்ளோணும், ராசா" என்று யாழ்ப்பாணத்திலிருந்து அவர் அம்மா என்னிடம் போனில் அழுதார்.

"அண்ணை, இண்டைக்கு மூளையைப் பற்றிக் கதைக்கக் கூடாது."

"ஓம், ஓம். சத்தியமா."

இருந்து கதைக்கவிருந்த குளிர்பானக் கடை, கூல்பார், மேல்மாடியில். எஸ்கலேட்டர் ஓடவில்லை. பெண்ணின் அம்மா முதல் படியில் கால் வைத்தார், முன்னால் சரிந்தார், செருப்பு வார் அறுந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். அண்ணை கைதட்டினார்.

"சுப்பர் அன்ரி! இன்னொருக்கா ஏறிக் காட்டுங்கோ!"

"என்ன கதை இது, தம்பி? நான் விழப்பாத்தனான்!"

"அதுதான் அன்ரி! நிண்டுபோச்செண்டு உங்கட கண்ணுக்குத் தெரியும். கால் நம்பேல்லை. ஓடும் எண்டு முந்தியே சாய்ஞ்சிட்டுது!"

"வாங்கோ, போவம்" என்று அப்பா வாசலைப் பார்த்துத் திரும்பினார். நான் தலையில் கைவைத்தேன்.

பெண் தன் கைப்பையை என்னிடம் நீட்டிவிட்டு ஏறினாள். தடுமாறினாள். இறங்கிவந்து மறுபடி ஏறினாள். மறுபடியும்!

"ஐயோ அப்பா, தெரிஞ்சுகொண்டு ஏறியும் காலுக்கு விளங்கேல்லை! நீங்களும் ஒருக்கா ஏறுங்கோ!"

அப்பா கௌரவமாக ஏறினார். கௌரவமாகவே தடுமாறினார். அதட்டுவதற்காகக் காவலாளி ஏறிவந்தான். அவனும். அதற்குமேல் அம்மாவால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. ஒற்றைச் செருப்புடன் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மாப்பிள்ளை, கதையை விட்டிட்டு மேல வாரும்" என்றார் அப்பா. மாப்பிள்ளை! நான் அந்த இடத்திலேயே அண்ணையின் அம்மாவுக்கு போன் போட்டேன்.

மேலே அண்ணை பலூடாவை மறந்து கதைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த அவளும் மறந்திருந்தாள். இடையில் புகுந்து அண்ணையிடம் பர்ஸ் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அன்ரிக்குப் புதுச் செருப்பு, காவலாளிக்கும் சேர்த்துப் பலூடா, எல்லாமாக ஆறாயிரத்து எண்ணூறு ரூபா. என் பர்ஸைத் திறந்து, மிச்சம் எவ்வளவு என்று பார்க்காமலே எண்ணிக் கொடுத்தேன்.