பார்த்து எழுதலாம் என்றார்கள்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் காப்பியடித்திருக்கிறேன். அதுவும், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று அரசாங்கமே அனுமதி கொடுத்திருந்த பரீட்சையில். (சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு மொத்தமாகச் சிரித்துக்கொள்ளலாம்.)

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். துறைத் தேர்வு பாஸானால்தான் உதவியாளராக முடியும். உதவியாளரானால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணைக் கட்ட முடியும். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, கேசரித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "பரீட்சைய முடிச்சிட்டு வாங்க தம்பி, பொறவு தேதி குறிப்போம்" என்று சொல்லிவிட்டார். பெண் கதவோரம் நின்று ஒரு தடவை சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன்.

பக்கத்து மேசை கோதண்டம். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். பரீட்சையை அவர் எழுதுவதில்லை, முடித்து வைப்பார். டைப்ரைட்டிங் பரீட்சைக்கு வேறு ஆளை உட்கார வைத்தவர். இன்னொரு பரீட்சைக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். கட்டுக்குள்ளே முழுக்க விடைத்தாள். (பேண்டேஜ் துணி நெய்கிற ராஜபாளையத்தில் அதற்கா பஞ்சம்?) இந்த வீரப் பிரதாபங்களை டீக்கடையில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதெல்லாம் ஒரு பொழப்பா அண்ணாச்சி?" என்று விடாமல் உபதேசம் செய்வேன். ஆபீசில் எனக்கு 'உத்தமர்' என்றே பட்டப்பெயர். அதைக் கேலி என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இந்தப் பரீட்சைக்கு அலுவலக நடைமுறை நூலைக் கையோடு கொண்டுபோகலாம். அதில் பேனாக்கோடுகூட இருக்கக் கூடாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று தேடிப் பிடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. அந்தத் தேடலே, இதே பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்த கோதண்டத்துக்கு அதிகப்படியாகத் தெரிந்தது. சிவகாசியில் ஒரு பைண்டிங் கடையைப் பிடித்தார். கேள்வியும் பதிலுமாக நாற்பது தாள் அச்சடித்து, அரசாங்கப் பக்கங்களுக்கு நடுவே வைத்துத் தைத்துவிட ஏற்பாடு செய்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம சிவகாசி வரைக்கும் போய்ட்டு வாரியா? ஒம் புத்தகமும் தாள் தாளா வருதுல்லா? அதையும் சேத்து பைண்டு போடச் சொல்லிருக்கேன். நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

உபதேசம் செய்த வாய் கப்பென்று மூடிக்கொண்டது. ஓசி பைண்டிங் ஆயிற்றே! போனேன். இரண்டு புத்தகங்களும் ஒரே சிவப்புக் காலிகோ துணி அட்டையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்தன. "பேர எழுதிக்கோங்க, மாறிரப் போவுது" என்று பைண்டிங்காரர் பேனாவை நீட்டினார்.

"அரசாங்கப் புத்தகத்துல பேரு எழுதக் கூடாதுங்க" என்றேன்.

நாற்பது தாள் திருட்டுத்தனத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இப்படிப் பேசிய ஒரு பயலை அந்த மனிதர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பள்ளிக்கூடத்தில். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். இரண்டு புத்தகமும் என் மஞ்சப்பையில் இருந்தன. வாசலில் பிரித்துப் பார்த்துக் கொடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்ட நேரம், பெண்ணின் அப்பா எதிரே வந்து நின்றார். எங்கள் ஹாலுக்கு அவர்தான் மேற்பார்வையாளராம்.

"வாங்க தம்பி. நல்லா எழுதுங்க. இன்னைக்கே ஒங்க வீட்டுக்குக் கடுதாசி போட்டுருவோம்னு இருக்கேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே கைக்கு வந்ததைக் கோதண்டத்திடம் நீட்டினேன். என்னிடம் மிஞ்சியது கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. சந்தோஷத்தில் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் புரட்டிய புத்தகம் வேண்டிய இடத்தில் தானாக விரியும். இது விரியவில்லை. புரட்டினேன். நடுவில் 'வினா', 'விடை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உடனே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். உத்தமர் என்ன செய்தார் தெரியுமா? முதல் கேள்விக்கு விடை அந்தப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வரி பார்த்தேன். எழுதியும்விட்டேன். (பிற்பாடு சரிபார்த்தேன். அந்த வரி தப்பு.)

"என்ன தம்பி இது?"

பெண்ணின் அப்பா புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"சார், இது என் புத்தகம் இல்ல. மாறிப்போச்சு. கோதண்டம் அண்ணாச்சியோடது!"

"அவர் புத்தகத்துல இப்படி இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான் சார் பைண்டிங் கடையிலருந்து வாங்கிட்டு வந்தேன்."

(இதைவிட நல்ல பதில் ஒன்றை முப்பது வருடத்துக்கும் மேலாகத் தேடுகிறேன். கிடைக்கவில்லை.)

கோதண்டத்தின் கையில் இருந்ததை வாங்கிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. என் புத்தகம் அல்லவா, எப்படி இருக்கும்? கோதண்டம் எழுந்து நின்று கும்பிட்டார். "சின்னப் பய சார். ஏதோ புத்திகெட்டுச் செஞ்சிட்டான். எனக்காக மன்னிச்சு விட்டுருங்க." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாலே அவரை மரியாதையோடு பார்த்தது.

வாத்தியார் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொறவு மெதுவாகக் கேட்டார்.

"மாறிப்போச்சுன்னு சொல்றீங்க. நம்புறேன். இதப் பாத்து நீங்க எழுதலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்படியே எழுதிக் குடுத்துர்றேன். வேற புத்தகம் தரச் சொல்லுறேன், உக்காந்து எழுதுங்க."

எனக்குக் கை கொடுக்கத்தான் கேட்டார். 'இல்லை' என்று சொன்னால் போதும். வேலை உயரும், கடுதாசி போகும், அந்தப் பெண் என் வீட்டுக்கு வருவாள். அத்தனையும் தெரிந்துகொண்டே என் வாய் சொன்னது:

"ஒரு வரி எழுதிட்டேன் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஏன்யா?" என்றார். நான் எழுதியதற்காகக் கேட்டாரா, ஒத்துக்கொண்டதற்காகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வருடம் எந்தத் துறைத் தேர்வும் எழுதக் கூடாது என்று தடை போட்டார்கள். கடுதாசி வரவில்லை. தை மாதம் அந்தப் பெண்ணைச் சுந்தரபாண்டியத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கோதண்டம் பாஸானார். அவர் தொட்ட இடத்தில் எல்லாம் என் புத்தகம் தானாக விரிந்து கொடுத்திருக்கிறது. அவர் ஒழுங்காக எழுதிய ஒரே பரீட்சை அது. அடுத்த எட்டு வருடம் அவர் மேசைக்கு நான் கோப்பு கொண்டுபோனேன். "எப்பா உத்தமரே, பாத்து எழுதியிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். எனக்கு எரியும். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன்.

தடை முடிந்து, பாஸாகி, பதவி உயர்வுக்குக் காத்திருந்து நான் உதவியாளராகி, கிருஷ்ணன்கோவிலில் பெண் எடுத்தபோது எனக்கு முன்வழுக்கை விழுந்துவிட்டது. கல்யாணமான புதிதில், மறைக்கக் கூடாது என்று இந்தக் கதையை மனைவியிடம் சொல்லிவிட்டேன். (உத்தமர் அப்போதும் திருந்தவில்லை.) அவள் என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்றைக்கும் வீட்டில் நாலு சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் போதும், கதையை முதலிலிருந்து எடுத்து விடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், வேறு வழியில்லாமல் நானும் சிரிப்பேன். கடைசியில் தலையில் கையை வைத்துக்கொண்டு அவள் இப்படித்தான் முடிப்பாள்:

"ஒரே ஒரு பொய்யிதான். இவுக சொல்லியிருந்தா அந்த வாத்தியார் மக தலையில விடிஞ்சிருப்பாக. உண்மையச் சொல்லி எந் தலையில வந்து விடிஞ்சாக."