கட்டிலுக்குத் துரு வளர்த்தேன்

இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அந்த இரும்புக் கட்டில் இருக்க வேண்டும்! நயா பைசா வந்த வருஷம், உகாதிக்கு மறுநாள் எடுத்த சபதம். மனைவி ரஞ்சிதம் குழாயடிக்குப் போயிருந்தாள். அதனால் தைரியமாகச் சத்தம் போட்டே எடுத்தேன்.

பெங்களூர் தொம்மலூரில் எங்களுக்கு ஒரே அறை. அதில் முக்கால்வாசி கட்டில். தங்கவயலிலிருந்து மாமனார் அனுப்பிய சீர். மிச்ச இடத்தில்தான் அடுப்பு, பானை, நான். எனக்கோ ஒரு சாய்வு நாற்காலி மேல் தீராத காதல். சிவாஜிநகர் கடையில் பார்த்து, உட்கார்ந்து, பேசியும் முடித்துவிட்டேன். கட்டில் போனால்தான் நாற்காலி வரும்.

சும்மா விடுவாளா? துருப்பிடித்தால் விடுவாள்!

துரு என் தொழில். ரயில் பெட்டி கட்டும் ஃபேக்டரியில் பிக்ளிங் செக்‌ஷன். பெண் பார்க்கப் போனபோது ஊறுகாய் கம்பெனி மாப்பிள்ளை என்று நினைத்தார்களாம். இரும்புத் தகட்டை ஆசிட்டில் முக்கி, துரு நீக்கி, கழுவி, மறுபடி துரு ஏறாமல் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து வெல்டிங்குக்கு அனுப்புவோம். துருவை விரட்டத் தெரிந்தவனுக்கு வரவழைக்கத் தெரியாதா? அவள் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் கட்டிலுக்கு உப்புத் தண்ணீர் அபிஷேகம். துரு கீரைப் பாத்தி மாதிரி செழித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதம் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, கட்டில் பூரா துரு!"

"அடடா! ஆயுசு முடிஞ்சுபோச்சு ரஞ்சிதம். பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றேன், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"போட்டுடலாம்."

"நெஜமாவா?"

"துருப்புடிச்சதைக் கட்டிக்கினு அழவா முடியும்? சனிக்கெழம பழைய இரும்புக்காரன் வருவான். ஆனா இப்படியே தெருவுல எறக்கினா, பக்கத்தூட்டு லட்சுமம்மா இன்னா சொல்லும்? துரு எடுக்கறவன் ஊட்டுலயே துருன்னு சிரிக்காது?"

நியாயம்தானே! கம்பி பிரஷ் எடுத்தேன். உப்புத்தாள் எடுத்தேன். உப்பு போட்டவன் உப்புத்தாள் தேய்க்கணும். நாற்காலியை நினைத்துப் பாடிக்கொண்டே தேய்த்தேன். மத்தியானத்துக்குள் கட்டில் பளபளத்தது.

"ஏங்க, சுத்தம் பண்ண இரும்பை வெறுமனே ராத்திரி விட்டா மறுபடி துரு ஏறும்னு சொல்வீங்களே?"

"ஏறத்தான் ஏறும்."

"உங்க போர்மேன் பார்த்தா இன்னா சொல்வாரு?"

போர்மேன் என்றாலே என் கை தானாகப் பிரஷைத் தேடும். கூட வேலை செய்யும் மைக்கேல்ராஜிடம் அரை டப்பா ரெட் ஆக்சைடு வாங்கி வந்து அடித்தேன். காய்ந்ததும், "மேல ஒரு கோட் இல்லாட்டி அரைகுறை வேலைன்னு நீங்களே திட்டுவீங்களே" என்றாள். தொழில் சுத்தம் முக்கியம். செவ்வாய்க்கிழமை பச்சைப் பெயிண்டும் அடித்தேன். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது!

சனிக்கிழமை தெருவில் குரல் கேட்டதும் ஓடிப்போய் இரும்புக்காரனை இழுத்து வந்தேன். கட்டிலில் ரஞ்சிதம் ஜம்மென்று படுத்திருந்தாள். அவன் கட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னா சாமி, புதுக் கட்டிலு! ஊட்டுல சண்டையா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

"ரஞ்சிதம், நீதானே போட்டுடலாம்னே!"

"துருப்புடிச்ச கட்டிலைத்தானே சொன்னேன்? இதுல ஏது துரு? போன தீவாளிலேர்ந்து பெயிண்ட் அடிங்கன்னு கெஞ்சினேன். ஃபேக்டரில தேய்க்கறது போதாதான்னு எரிஞ்சு விழுந்தீங்க. நீங்க உப்புத் தண்ணி தெளிக்கறதை ஜன்னல் வழியா பார்த்தன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, இந்த வருஷம் பெயிண்ட் நிச்சயம்னு."

என் நாற்காலியில் இந்நேரம் எவன் சாய்ந்திருக்கிறானோ! ரஞ்சிதம் சுகமாகப் புரண்டு படுத்தாள்.

"ஏங்க, ஜன்னல் கம்பிக்கு எப்போ தெளிக்கப் போறீங்க?"