சமர்த்தா இரு

ஊய்ங் என்று ஆரம்பித்த சங்கு, ஊரையே கூட்டுகிற மாதிரி உயர்ந்தது.

யூ சுங்-யென் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தான். திரையில் மானேஜரும் சக ஊழியர்களும் பேச்சை நிறுத்தி அவனையே பார்த்தார்கள். மானேஜர் பெருமூச்சு விட்டது நன்றாகத் தெரிந்தது. நடைக்கூடத்தில் ஓடிக் கடைசி அறையின் கதவைத் தள்ளினான்.

அப்பா கட்டிலில் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எதிரே அலமாரி மேலிருந்த கருவி மட்டும் சிவப்பு விளக்கை மின்னிக் கத்திக்கொண்டிருந்தது.

அப்பா கட்டிலை விட்டு இறங்கி நடமாடினால்தான் அது கத்த வேண்டும். அவரோ அசையாமல் கிடந்தார்.

சங்கை நிறுத்தினான். அப்பா கண்ணைத் திறந்தார்.

"சாப்டியா?"

பக்கவாதம் அவருடைய பேச்சையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது இந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவைத்திருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் சாப்டியா. கால் வலித்தாலும் சாப்டியா. ஊசி குத்திய நர்ஸை அவர் திட்டியதும் இதே வார்த்தையால்தான்.

"ஆச்சுப்பா" என்றான் சுங்-யென், கருவியைப் பார்த்துக்கொண்டே.

அந்தக் கருவி அவன் கையால் செய்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகை, உடம்புச் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தைக் காண்கிற ஒரு சென்சார், ஒரு சங்கு. வசந்த காலத்தில் அப்பா குளியலறை வாசலில் விழுந்தபோது, தாய்சுங் நகரிலிருந்து வந்த அக்கா பெய்-ஜுன் முதியோர் இல்லம் என்று ஆரம்பித்தாள். அந்த மாதிரி ஓர் இல்லத்தில் பெரியப்பாவைச் சக்கர நாற்காலியோடு துணியால் கட்டிவைத்திருந்ததைச் சுங்-யென் பார்த்திருந்தான். நான் வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறேன், அப்பா எழுந்தால் தெரிகிற மாதிரி ஒன்று செய்கிறேன் என்று கெஞ்சி அவகாசம் வாங்கினான்.

"செஞ்சுக்கோ. ஆனா இன்னொரு தடவை அப்பா விழுந்தார்னா, மறுநாளே வந்து கூட்டிட்டுப் போய் இல்லத்துல சேர்த்துடுவேன். அப்புறம் நீ உன் பெட்டியை மடியில வச்சுக் கொஞ்சு."

இப்போது அந்தப் பெட்டி காரணமே இல்லாமல் தினமும் கத்தியது. பொய்யாகவே கத்துகிற கருவி, அப்பா நிஜமாக விழும்போது என்ன செய்யும் என்று அக்கா கேட்பதற்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

பாதே சாலைப் பக்கம் கணினிச் சந்தையின் நிலவறையில் பெங் கடை வைத்திருந்தார். ஈயம் பற்றவைக்கிற புகைக்கு நடுவே நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே கருவிகளுக்கு வைத்தியம் சொல்லுகிறவர்.

"பலகையைத் திரையோட மாட்டினா மூலையில மஞ்சளா மின்னல் குறி வருதா?"

"வருது முதலாளி."

"பழைய போன் சார்ஜர்ல சொருகியிருப்ப. அது பசி, தம்பி. அரை வயித்துக் கஞ்சியோட கிடக்கிறவன் பிதற்றத்தான் செய்வான்."

கெட்டி ஒயரோடு புது அடாப்டர் வாங்கிப் போட்டான். மின்னல் குறி மறைந்தது. ஆனால் வயிறு நிறைந்தது கருவிக்கு மட்டுமல்ல, சங்குக்கும்தான். அடுத்த முறை அது கத்தியபோது கீழ்த்தளத்து டிபன் கடைக்காரர் நிலநடுக்க எச்சரிக்கை என்று நினைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வாடிக்கையாளர்களோடு தெருவுக்கு ஓடினார்.

சுங்-யென் உள்ளே ஓடினான். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் செருப்பு இருந்தது.

செருப்போடு படுக்கிற அளவுக்கு மூளை மங்கிவிட்டதே என்று நினைத்தான். செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்தான்.

"சாப்டியா?"

"ஆச்சுப்பா."

பெங்கின் அடுத்த சந்தேகம் சூடு. பலகையிலிருந்த சிப்பின் மேல் ஒட்ட அலுமினியத் தகடும், பொத்தான் அளவு மின்விசிறியும் கொடுத்தார். விசிறி சுற்றியது, சங்கும் கத்தியது. ஜன்னல் திரைச்சீலை வெயிலில் ஆடுவதைக் கண்டுதான் கத்துகிறதோ என்று சுங்-யென் திரைச்சீலையையே கழற்றிவிட்டான். கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விட்டிருந்த திறப்புக்கு எதிர்ப்புறம் எதிர்வீட்டு லாய் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இனி அவர் வீட்டு பால்கனிக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவே கண்ணாடி மட்டும்தான்.

"தம்பி, உங்கப்பா இருக்காரே, அவர் வந்து..." என்று ஆரம்பித்தார் லாய் அம்மா.

"அப்புறம் பேசறேம்மா, ஆபீஸ் கூட்டம்" என்று ஓடினான். அதற்குப் பிறகு லாய் அம்மாவின் பேச்சு அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

மூன்றாவது, மெமரி கார்டு. பழையது செத்துக்கொண்டிருக்கும் என்றார் பெங். புதுக் கார்டில் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினான் சுங்-யென். கூடவே ஒரு புத்திசாலித்தனம் செய்தான். சும்மா ஓர் அசைவுக்கெல்லாம் கத்தாதே, தொடர்ந்து நடமாட்டம் இருந்தால் மட்டும் கத்து என்று மாற்றி எழுதினான். சங்கு கொஞ்சம் அடங்கியது. ஆனால் அது கத்தி அவன் உள்ளே போனபோதெல்லாம் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மாத்திரையால் அப்பாவுக்குத் தலை சுற்றியது.

அடுத்த முறை போனபோது பெங் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"கருவி மேல என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கலையே."

பிரேக் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவனைப் பார்ப்பது போல் பார்த்தார் பெங். அவர் கடையில் ஒவ்வோர் இயந்திரத்தின் தலையிலும் ஒரு பச்சைப் பொட்டலம் இருந்தது. 'சமர்த்தா இரு' என்று பெயர் போட்ட சோளப் பொரி. அதை வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது ஊர் நம்பிக்கை. சுங்-யென்னின் அலுவலக சர்வர்கள் மேலும் அதுதான் இருந்தது. படித்தவர்கள்தான் வைத்திருந்தார்கள், சிரித்துக்கொண்டே, ஆனால் யாரும் எடுத்ததில்லை.

"சிக்னல் விளக்கு மாதிரி பச்சைதான் வைக்கணும். மஞ்சள் வேணாம். சிவப்பை வச்சியோ, அன்னைக்கே கதை முடிஞ்சுது. பிரிக்கக் கூடாது, தேதி தாண்டக் கூடாது, யாரும் திங்கக் கூடாது. முக்கியமா மூஞ்சிக்கு நேரா நிமிர்த்தி வை. அது பேரைப் படிக்கட்டும்."

சுங்-யென் பச்சைப் பொட்டலத்தைக் கருவியின் முகத்துக்கு நேராக, சாய்ந்துவிடாமல் நிமிர்த்தி வைத்தான்.

சங்கு நின்றது.

அன்று கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை. கூட்டங்கள் கூட்டங்களாகவே முடிந்தன. மானேஜர் முதல் தடவையாகச் சிரித்தார். டிபன் கடைக்காரர் வறுத்த முட்டை ஒன்று இலவசமாகக் கொடுத்தார். சுங்-யென் பொட்டலத்தைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினான். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்டதற்கு, அவரும் சமர்த்தாகத்தான் இருக்கிறார் என்று எழுதினான். சாப்பாட்டு டப்பாவைக் கட்டிலோரம் வைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றாமலே திரும்பினான். பின்னால் சாப்டியா என்று கேட்டதோ என்னவோ, காதில் மானேஜர் பேசிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் பிற்பகல் வாசல் மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் லாய் அம்மா, ஈரத் துணி ஒன்று இன்னும் கையிலேயே இருந்தது.

"உங்கப்பா விழுந்துட்டார்பா. ஜன்னல்ல பார்த்தேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து சங்கு அலறத் தொடங்கியது. நாலு நாளைக்குப் பிறகு, முழு வயிற்றோடு.

அலமாரியின் காலடியில் அப்பா கிடந்தார். பக்கத்தில் ஸ்டூல் கவிழ்ந்திருந்தது. இடது கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது. நெஞ்சோடு பச்சைப் பொட்டலத்தை அணைத்துப் பிடித்திருந்தார். அது பிரிக்கப்படவில்லை.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து காலுக்குப் பலகை வைத்துக் கட்டினார்கள். இடுப்பெலும்பு என்றார் ஒருவர், தாழ்ந்த குரலில். இந்த வயசில் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். போனில் அக்காவின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"ஒரு பொட்டலம் பொரிக்காக ஸ்டூல் மேல ஏறியிருக்கார்னா, நீ என்ன பட்டினி போட்டிருப்ப அவரை? நாளைக்கு வர்றேன். இல்லத்துல இடம் கேட்டு வச்சாச்சு. இனிமே நீ வாயே திறக்காத."

சுங்-யென் போனை வைத்தான். மத்தியானச் சாப்பாட்டு டப்பா கட்டிலோரம் காலியாக, சுத்தமாக இருந்தது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"பசிச்சா என்கிட்ட காட்டியிருக்கலாமேப்பா. எதுக்கு இதை எடுக்கப் போனீங்க?"

அப்பா அவன் முகத்தையே பார்த்தார். வலியில் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் ஏதோ ஜெயித்துவிட்டவர் மாதிரி இருந்தது பார்வை.

"சாப்டியா?" என்றார்.

ஆம்புலன்ஸ்காரர் பொட்டலத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அப்பா விடவில்லை. லாய் அம்மா ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுங்-யென் பக்கம் குனிந்தார்.

"திங்கறதுக்கு இல்ல தம்பி. தினமும் இறங்கி வந்து அந்தப் பெட்டி முன்னாடி கையை ஆட்டுவார், அது கத்தினதும் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்குவார், நீ வருவே. நாலு நாளா இந்தப் பொட்டலம் அதோட கண்ணை மறைச்சுக்கிட்டு நின்னுதுல்ல, அவர் எவ்வளவு ஆட்டியும் நீ வரலை."