நின்றுகொண்டே நடந்த கூட்டம்

தி. நகர்,
ஆடித் தள்ளுபடி அமளிக்கு நடுவில்.

என் அன்புக்குரிய சுந்தரவல்லி அக்காவுக்கு, தங்கை ஸ்வர்ணலதா வணக்கத்துடன் எழுதுவது. இன்றுவரை நானும் அவரும் நலம். நாளைக்கு நான் நலமாக இருப்பேனா என்பது சந்தேகம். ஆதம்பாக்கம் என்ன அமெரிக்காவா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் "அக்கா" என்பதற்குள் நீ உன் பக்கத்து வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது.

விஷயம் இதுதான். நம் ஜவுளிக்கடையில் மூன்றாம் மாடிக்கு என்னை மேனேஜர் ஆக்கினார்கள் அல்லவா, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. முதலாளி தனபாலன் அண்ணாச்சியின் மருமகன் விஜயராகவன், கடையை அழகுபடுத்துகிறேன் என்று விற்பனைப் பெண்கள் உட்காரும் முக்காலிகளையெல்லாம் குடோனுக்கு அனுப்பிவிட்டார். காலையிலிருந்து இரவுவரை நின்றே புடவை விரிக்கிறார்கள். எங்கள் மாடித் தாயம்மா பாதம் வீங்கிப்போய் வந்து, "காலு மரத்துப் பூடுச்சி மேடம், நீங்கதான் சொல்லணும்" என்று அழுதாள். நான் மேனேஜர்கள் கூட்டத்தில் சொன்னேன் அக்கா, சத்தியமாகச் சொன்னேன். என் குரல் ஏசி இரைச்சலைத் தாண்டவில்லை. அடுத்த கூட்டத்திலும் வாயைத் திறந்தேன். "மேடம் சொல்ல வர்றது என்னன்னா, முக்காலி இல்லாம இடம் நீட்டா இருக்கு" என்று மருமகனே எனக்காக முடித்துவைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பதற்றத்தில் நானும் ஆட்டித் தொலைத்தேன்.

"இந்தப் பொம்பள வாயே தொறக்க மாட்டேங்காளே" என்று அண்ணாச்சி என்னை அடையாற்றில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். தைரியமாகப் பேசுவது எப்படி என்று தீபிகா என்ற சின்னப் பெண் சொல்லித்தந்தாள். "எடுத்ததுக்கெல்லாம் சாரி சாரின்னு சொல்லாதீங்க மேடம்" என்றாள். நான் விற்பதே சாரிதானே என்று நினைத்தேன், சொல்லவில்லை. எதிராளியின் கண்ணை இமைக்காமல் பார்க்க வேண்டுமாம். வரும் வழியில் பட்டினப்பாக்கத்தில் மீன்காரி முனியம்மாளிடம் பழகிப் பார்த்தேன். "இன்னாம்மா மொறைக்கிற? என் மீனு நாறுதா?" என்று அவள் எழுந்து நிற்க, பயத்தில் கூடையில் பாதியை வாங்கிவந்துவிட்டேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, "நான் பேசி முடிக்கிறேன், குறுக்கே வராதீர்கள்" என்று அடிவயிற்றிலிருந்து முழங்கினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கோதண்டபாணி அன்று முழுக்க என் குறுக்கே வரவேயில்லை, சாப்பாடு போதுமா என்று கேட்டதற்குக்கூட ஜாடைதான் காட்டினார்.

இன்றைக்குக் கூட்டம். எழுந்தேன். பயிற்சியில் படித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மருமகன் வழக்கம்போல, "மேடம் சொல்ல வர்றது..." என்று தொடங்கினார். நான் உட்காரவில்லை. பதிலும் சொல்லவில்லை. சொல்ல வராமல்தான் நின்றேன், அவர்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்தார்கள் போல. மருமகன் பேசிப் பேசித் தானாக ஓய்ந்தார். "என்னம்மா?" என்றார் அண்ணாச்சி. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை, "உக்கார வேணாங்கிற முடிவை எல்லாரும் நின்னுக்கிட்டே எடுத்துடலாங்களா?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. மூட்டு வலிக்காரர், மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதலாளி எழுந்தால் மற்றவர்கள் உட்கார முடியுமா? தள்ளுபடிக் கணக்கு, விளம்பரம், லிஃப்ட் ரிப்பேர் என்று எல்லாம் நின்றபடியே நடந்தது. மருமகன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். லிஃப்ட் பேச்சு முடிவதற்குள் அண்ணாச்சி நெற்றி வியர்த்து, "ஏலே, நாக்காலியப் போடுங்கலே! மூணாவது மாடிக்கும் அந்த முக்காலியத் தூக்கிட்டுப் போங்கலே!" என்று கத்திவிட்டார்.

தாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆனால் அண்ணாச்சி போகும்போது முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குக் காலையில என்னைய வந்து பாரு" என்று சொல்லிப் போயிருக்கிறார். சீட்டைக் கிழிக்கத்தான் அக்கா. வயசான மனுஷனை நிற்க வைத்தேனே, என்ன திமிர் எனக்கு? உங்கள் தெருத் தையல் கடையில் ஆள் வேண்டுமா என்று கேட்டு வை. பட்டன் தைக்கிறேன். யாரிடமும் பேச வேண்டியிருக்காது.

அத்தானுக்கு என் நமஸ்காரம். ஹரிக்கு என் ஆசிகள். பரீட்சையில் நன்றாக எழுதட்டும். எனக்காகவும் ஒரு விளக்கு ஏற்று.

உன் பயந்த தங்கை,
ஸ்வர்ணலதா

பி.கு.: தையல் கடையில் கேட்காதே. மறுநாள் காலையில் அண்ணாச்சி அறைக்குள் நுழைந்ததும், அவர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவோம் என்று, "வேலைய விட்டுடறேன் அண்ணாச்சி" என்றேன். நல்லவேளை, அவருக்குக் கேட்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதைச் சாய்த்து, "ஒங்கிட்ட இனிமே நாந்தாம் கிட்ட வந்து கேக்கணும் போல. இப்பச் சொல்லு, என்ன கேட்ட?" என்றார். அவ்வளவு பக்கத்தில் ஒரு காது இருக்கும்போது மனசு மாறிவிட்டது அக்கா. "எல்லா மாடிக்கும் முக்காலி வேணும்னு கேட்டேன் அண்ணாச்சி" என்றேன்.