பதினொரு தீத்தாங்கி ஆடுகள்

"எரிஞ்ச ஆட்டோட கம்மலக் காட்டலன்னா அது செத்ததுக்குச் சாட்சி இல்லையாம். அதனால உயிரோடதான் இருக்காம்."

முத்தையாபுரத்திலிருந்து நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் இப்படிச் சொன்னாள். சொன்னவள் சிரிக்கவில்லை. கேட்டவளும் சிரிக்கவில்லை. "அப்போ அதுக்கெல்லாம் தண்ணி யாரு காட்டுதா?" என்று மட்டும் கேட்டாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.

சொன்னவள் பெயர் முருகேஸ்வரி. கேட்டவள் வடிவம்மாள், உப்பளத்தில் வேலை செய்கிறவள். முருகேஸ்வரியும் முன்பு அளத்துக்குப் போனவள்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் இரண்டும் பிளந்து, நடக்க முடியாமல் ஆனபோது ஒரு கொடியாட்டுக் குட்டியை வாங்கினாள். நெட்டைக் காலும் வெள்ளை உடம்பில் கறுப்புத் தெளிப்புமாக நம் பக்கத்துக்கே உரிய ஆடு. அது குட்டி போட்டது, குட்டியும் குட்டி போட்டது. கொட்டில் நிறைந்தது, குதிகாலும் ஆறியது.

அவள் தெரு முனையில் 'இங்கே குப்பையை எரிக்காதீர்' என்று ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதன் நிழலில் யாரோ குப்பையை எரித்தார்கள். பேனர் தீப்பிடித்தது. கடற்காற்று அதைக் கிழித்துக் கொண்டுபோய் முருகேஸ்வரியின் ஓலைக் கொட்டிலின் மேல் போட்டது.

அவள் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிருந்தாள். திரும்பி ஓடி வந்து முதல் குடம் தண்ணீரை வீசும்போது உள்ளே சத்தம் இருந்தது. இரண்டாவது குடத்துக்கு இல்லை. கட்டிக் கிடந்த பதினொன்றும் போயின. பேபி என்கிற ஆடு மட்டும் மிஞ்சியது. அதற்குக் கயிற்றைக் கடித்துக்கொண்டு ஓடும் பழக்கம் உண்டு. அந்த நேரத்தில் அது பஸ் நிறுத்தத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது.

பொது சுகாதாரம் கருதி அன்றைக்கே இயந்திரம் வந்து குழி தோண்டிப் பதினொன்றையும் மூடிவிட்டது. அவ்வளவு விரைவாக எந்தக் காரியமும் அந்தத் தெருவில் அதற்கு முன் நடந்ததில்லை.

ஆடு இல்லாத பெண்களுக்கு ஆடு கொடுக்க ஒரு திட்டம் இருக்கிறது. போனில் கேட்டதற்குக் கம்மல் கணக்கைச் சொல்லிவிட்டார்கள். நேரில் கேட்கத்தான் அன்று அவள் பேபியை வடிவம்மாள் மடியில் பாதியும் தன் மடியில் பாதியுமாக வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். நான் பின்னாலேயே போய், அலுவலக வாசலில் மாட்டு வைத்தியத்துக்கு வந்தவள் போல நின்றேன். என்னிடம் மாடு இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கால்நடை ஆய்வாளர் செந்தில்முருகன் நல்ல மனிதர். விதி அனுமதிக்கும் அளவுக்கு இரக்கப்படுவார்.

"ஏம்மா, உங்க பேர்ல பதினொரு ஆடு உயிரோட இருக்கே. எப்படி ஆடு தர முடியும்?"

"எங்கன சார் இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல."

"கொட்டில்ல இல்லையே சார். கொட்டிலே எரிஞ்சு போச்சே."

"கொட்டில் வேற துறை. அது எரிஞ்சதுக்கு அவங்க சான்று கொடுத்திருக்காங்க. 'முற்றிலுமாக எரிந்து, எதுவும் எஞ்சவில்லை.' அதுல நான் தலையிட முடியாது. ஆடு எங்க துறை."

"கொட்டிலுக்குள்ளதான சார் ஆட்டக் கெட்டியிருந்தேன்?"

"அதுக்கு வில்லை வேணும்."

ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் எண் போட்டு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்று மாட்டுவார்கள். தெருப் பெண்கள் அதைக் கம்மல் என்பார்கள்.

"கம்மலெல்லாம் உருகிப்போச்சு சார்."

"உருகக் கூடாதும்மா. லேசா கருகலாம். எண் தெரியணும். கருகின வில்லையக் கொண்டுவந்து வச்சா ஆடு இறந்ததா அர்த்தம். அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டோம். ஆட்டக்கூடக் கேக்க மாட்டோம்."

"அப்போ இந்தா நிக்கே, இது?"

செந்தில்முருகன் பேபியின் இரண்டு காதுகளையும் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு வில்லை இல்லையே."

"கம்மல் குத்த வந்த அன்னைக்கு இது போஸ்டர் திங்கப் போயிருந்துச்சு."

"அப்போ இது பதிவுல இல்ல. இப்படி ஒரு ஆட்டப் பார்த்ததா நான் சொல்ல முடியாது."

பேபி அவர் மேசைமேல் இருந்த காலண்டரில் ஆகஸ்ட் மாதத்தைத் தின்றது. அதையும் அவர் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் வடிவம்மாள் சொன்னாள்: "ஏளா, அழுது என்ன செய்ய? திங்கக்கிழமை அளத்துக்கு வந்துரு. கங்காணிகிட்ட நான் சொல்லுதேன்."

முருகேஸ்வரி தன் குதிகாலைப் பார்த்தாள். "அடுத்த திங்கக்கிழமை வாரேன்," என்றாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும் அதையேதான் சொன்னாள்.

சில நாளில் தடுப்பூசி முகாம் வந்தது. 'தங்கள் பதினொரு ஆடுகளையும் தவறாது அழைத்து வரவும்' என்று அவள் போனுக்குச் செய்தி வந்தது. தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாண்டித்துரை அண்ணாச்சிதான் வாசித்துச் சொன்னார். அவள் போகவில்லை. ஆகவே செந்தில்முருகனே மருந்துப் பெட்டியோடு வந்தார்.

"ஆடெல்லாம் எங்கம்மா?"

அவள் குழியை மூடிய இடத்தைக் காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் போய் நின்றார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். ஆனால் மருந்தைத் திருப்பிக் கொண்டுபோனால் ஏன் என்று விளக்கம் எழுத வேண்டும். போட்டுவிட்டால் எழுத வேண்டியதில்லை. பதினொரு ஆடுகளுக்கான மருந்தையும் அந்த மண்ணிலேயே ஊற்றிவிட்டு, போனில் பதிவு செய்தார்: 'அனைத்தும் நலம். நோய் அறிகுறி இல்லை.'

அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. நோய் அறிகுறி இல்லைதான்.

பிறகு எங்கோ ஒரு பெரிய அலுவலகத்தில் இரண்டு கோப்புகள் ஒரே மேசையில் சந்தித்துக்கொண்டன. கொட்டில் முற்றிலுமாக எரிந்தது என்றது ஒன்று. எரிந்தபின் பதினொரு ஆடுகளும் நலம் என்றது மற்றொன்று. இரண்டுமே அரசுக் கோப்புகள், எனவே இரண்டுமே உண்மை. இரண்டு உண்மைகளையும் சேர்த்து வைத்து யோசித்தால் ஒரே முடிவுதான் வரும். அந்த முடிவுக்கு வந்தார்கள். 'தீத்தாங்கிக் கொடியாடு' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மேலதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருவதாகத் தேதி குறிக்கப்பட்டது.

செய்தி வெளியே கசிந்ததும் நகரத்து மில்லர்புரத்திலிருந்து ஐஸ்வர்யா வந்தாள். இயற்கை வாழ்வு பற்றித் தினமும் போனில் படம் பிடித்துப் போடுகிறவள். பேபியைக் கட்டிப்பிடித்துப் பத்து நிமிடம் பேசினாள். அந்த வாரமே 'தீத்தாங்கி ஆட்டுப்பால் சோப்பு' விற்பனைக்கு வந்தது. பேபிக்கு அப்போது பால் இல்லை. சோப்பு நன்றாக நுரைக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது.

அதோடு விடவில்லை. சாம்பல் முகத்துக்கு நல்லது என்று யாரோ சொல்ல, கார்களில் பெண்கள் வந்து இறங்கினார்கள்.

"அக்கா, கொட்டில் சாம்பல் கொஞ்சம் எடுத்துக்கலாமா? கரும்புள்ளி போகுமாம்."

"எடுத்துக்கிடுங்கம்மா. ஆனா பாத்து எடுங்க. அந்த மூலையிலதான் என் மூத்த பெட்டையாடு கெடந்துச்சு."

அவர்கள் அந்த மூலையைத்தான் முதலில் அள்ளினார்கள்.

மேலதிகாரி வருவதற்கு முந்தின சாயங்காலம் செந்தில்முருகன் முருகேஸ்வரி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆட்டக் கேப்பாங்கம்மா."

"செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க சார்."

"செத்ததுக்கு ஊசி போட்டிருக்கேனேம்மா!"

மறுநாள் காலையில் அரசு ஆட்டுப் பண்ணையிலிருந்து குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்தது. அதில் பதினொரு கொடியாடுகள். செந்தில்முருகன் வீட்டுக்குப் பின்னால் வைத்து அவற்றின் பண்ணை வில்லைகளைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முருகேஸ்வரியின் பழைய எண்கள் போட்ட புது வில்லைகளை மாட்டினார். ஒவ்வொன்றையும் போனில் பதிவோடு சரிபார்த்தார். எல்லாம் பொருந்தியது.

பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் வந்தன. பேபி மட்டும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. 'ஏதோ தெரு ஆடு' என்று விரட்டப்பட்டு, பந்தலின் பின்பக்கம் நின்று வரவேற்பு பேனரின் ஓரத்தைத் தின்றது.

மேலதிகாரி ஓர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார். "ஒரு முடிகூடக் கருகலையே! அற்புதம். ஏம்மா, இதெல்லாம் தீயிலேருந்து எப்படித் தப்பிச்சது?"

"எல்லாம் ஆபீஸ் புண்ணியம்யா," என்றாள் முருகேஸ்வரி.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் பின்பலகையைத் திறந்தார். முருகேஸ்வரி பொன்னாடையோடு குறுக்கே போய் நின்றாள்.

"யாரு ஆட்ட சார் எங்க கொண்டு போறிய?"

"இது பண்ணை ஆடும்மா," செந்தில்முருகன் குரலைத் தாழ்த்தினார்.

அவள் பக்கத்தில் நின்ற ஆட்டின் காதைப் பிடித்து அவரிடம் திருப்பினாள். "நம்பரு யாரு பேர்ல இருக்கு?"

அவர் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்கதான சார் சொன்னிய, கம்மல் இருந்தாத்தான் ஆடுன்னு. பண்ணை ஆடுன்னா பண்ணைக் கம்மல்லா இருக்கணும்?"

"விளையாடாதீங்கம்மா. பண்ணையில பதினொண்ணு கொறையும். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அந்தா பெரிய சார் இருக்காவ. அவியகிட்டயே ஒரு வார்த்த கேட்டுருவமா?"

மேலதிகாரி இளநீரிலிருந்து தலை நிமிர்ந்து, "என்ன செந்தில், ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். மேய்ச்சலுக்குக் கிளம்புது," என்றார் செந்தில்முருகன்.

முருகேஸ்வரி நாக்கைச் சொடுக்கினாள். வாயில் பேனர் துண்டோடு பேபி முன்னால் போனது. பதினொன்றும் அதன் பின்னால் முள் உடைமரக் காட்டுப் பக்கம் நடந்தன. பந்தல் ஓரத்தில் நின்றிருந்த வடிவம்மாளைத் தாண்டும்போது முருகேஸ்வரி, "கங்காணிகிட்ட நான் வரலன்னு சொல்லிரு, ஏளா," என்றாள்.

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. மேலதிகாரியின் காரும் போனது. செந்தில்முருகன் பாண்டித்துரை அண்ணாச்சி கடைக்கு நடந்து போய் ஒரு தீப்பெட்டி கேட்டார். வாங்கிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பண்ணை வில்லையை எடுத்து, எண்ணுள்ள பக்கத்தை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டு, குச்சியைக் கிழித்து, உருகிவிடாத தூரத்தில் அடியில் காட்டினார்.